செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்கடை தூர்வாரியாயிற்று, பொங்கல் கோலப்போட்டி நடந்தது, தெருவிளக்கு மனுவுக்குப் பதில் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு முழுக்க மரப் பேச்சுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பிள்ளையார் கோயில் முனையில் இருந்த பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. 2011-இல் தானே புயலுக்குத் தப்பிய மரம். அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று கூடினால், விழுந்தது என்ன மரம் என்பதிலேயே தகராறு. பாதிப் பேர் வாகை என்றார்கள், மீதிப் பேர் தூங்குமூஞ்சி என்றார்கள். இரண்டுமே சாயங்காலம் இலை மடிக்கும்; காயைக் கேட்டால்தான் விடை வரும். வாகைக் காய் தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும், காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சிக் காய் தடித்துக் கறுத்து, உள்ளே இனிப்புப் பிசினோடு இருக்கும். பூவும் வாகைக்கு வெளிறிய மஞ்சள், மற்றதற்கு இளஞ்சிவப்பு. கோடையில் அங்கே மாடுகள் கூடியதும், நசுங்கிய காய் செருப்பில் ஒட்டியதும் எல்லோருக்கும் நினைவிருந்ததால், தூங்குமூஞ்சி என்று தீர்மானமாயிற்று.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தை நிழலில் மிஞ்ச ஆளில்லை. ஆனால் 20 அடித் தெருவில் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை வெட்டிக்கொண்டே இருந்தால், பாரமெல்லாம் மறுபக்கம் ஏறிவிடுகிறது. வேரும் ஆழம் போவதில்லை. மைதானத்துக்குச் சரி, தெருவுக்கு வேண்டாம் என்றது செயற்குழு. சிலர் குல்மொகர் கேட்டார்கள். அதன் பூவுக்கு நானும் ரசிகன்தான், ஆனால் கிளை முறிவதில் பேர்போன மரம், விட்டுவிட்டோம்.

தை மாதம் புன்னையும் மகிழமும் வைத்தோம். புன்னை கடற்கரைக்காரன், உப்புக்காற்று அதற்குப் பழக்கம். இரண்டும் எப்போதும் பச்சையாக நிற்கும், வளர்வது மட்டும் மெதுவாக. பொறுமையில்லாதவர்களுக்காக நடுநடுவே புங்கன். அது கோடைத் தொடக்கத்தில் இலை கொட்டினாலும் சீக்கிரமே தளிர்த்துவிடும். கம்பி ஓடும் பக்கம் மந்தாரை மட்டும்.

நட்டதில் ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பையில் நெடுநாள் இருந்த கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டாமல் நட்டால் மரம் பெரிதான பிறகும் மண்ணில் பிடிப்பு இருக்காது, அடுத்த புயலுக்கு முதலில் விழுவது அதுதான். கழியோடு இறுக்கிக் கட்டவும் கூடாது; கொஞ்சம் ஆடினால்தான் தண்டு உரம் பெறும். நடைபாதை போட்ட ஒப்பந்ததாரர் பழைய வேம்பைச் சுற்றி அடிவரை சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். அதை உடைத்து, நாலடிக்கு மண் தெரிய விட்டிருக்கிறோம்.

ஆடு தின்ற கன்றுகளுக்கு மாற்று, ஆடி மழைக்கு நடப்படும். கூண்டுச் செலவில் பாக்கி இருக்கிறது. சித்திரை, வைகாசிக்குத் தண்ணீர் ஊற்றும் பட்டியலில் மேற்கு வரிசை வீடுகள் இன்னும் பெயர் தரவில்லை. கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டு அப்புறம் டீ குடிக்கப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், லாஸ்பேட்டை, புதுச்சேரி