சாம்பலைத் தேடும் நண்பர்களுக்கு: ஃபிரெடி மெர்குரி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிக நண்பர்களே,

வணக்கம். உங்களில் ஒருவன்தான் எழுதுகிறேன். அதனால் இனி வரப்போகும் வசவில் எனக்கும் பங்கு உண்டு.

1990 பிப்ரவரியில் பிரிட்டனின் பிரிட் இசை விருது மேடையில், ஃபிரெடி பாடகராக இருந்த குயீன் ராக் இசைக் குழுவினர் நால்வரும் நின்ற காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேச வேண்டியதையெல்லாம் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே பேசினார். ஆயிரக்கணக்கானோரை ஒற்றைக் குரலால் ஆட்டிவைத்த ஃபிரெடி, இரண்டொரு சொல்லோடு நகர்ந்துவிட்டார். பொது மேடையில் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அந்தக் காணொளியை நான் நிறுத்தினேன், முகத்தைப் பெரிதாக்கினேன், ஒப்பனைக்குக் கீழே கன்னம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று உற்றுப் பார்த்தேன். லண்டன் கென்சிங்டனில் அவருடைய கார்டன் லாட்ஜ் வீட்டு மதிலுக்கு வெளியே நீண்ட லென்சோடு காத்துக் கிடந்தவர்கள் பார்த்ததும் அதே கன்னத்தைத்தான். அவர்களுக்காவது அதற்குச் சம்பளம் கிடைத்தது.

அந்தப் பத்திரிகைகளைத் திட்டுவதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பல ஆண்டுகள் உடனிருந்த பால் பிரென்ட்டர் 1987-இல் 'தி சன்' நாளிதழுக்கு அவருடைய படுக்கையறைக் கதைகளை விற்றார். விலை 32,000 பவுண்ட் என்பார்கள். பிரென்ட்டரும் எய்ட்ஸ் நோயால் 1991 ஆகஸ்டில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 23 அன்று, தனக்கு எச்.ஐ.வி. தொற்றும் எய்ட்ஸ் நோயும் இருப்பதாக ஃபிரெடி அறிக்கை வெளியிட்டார். மறுநாள் மாலை அவர் இல்லை. வயது 45.

அந்த அறிக்கையில் நாம் அடிக்கடி தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. தன்னைச் சுற்றியிருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவே இதுவரை சொல்லாமல் இருந்ததாக அதில் சொல்கிறார். யார் அந்தச் சுற்றியிருப்பவர்கள்? ஃபரூக் பல்சாரா என்ற இயற்பெயர் கொண்ட இந்த மகனைச் சான்சிபாரில் பெற்று, இந்தியாவின் பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, 1964-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பார்சிப் பெற்றோர். கூடவே ஜிம் ஹட்டன் என்ற ஐரிஷ் முடிதிருத்துநர். அவர் ஃபிரெடியின் துணைவராக ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்தார்; வெளியாருக்கு அவர் தோட்டக்காரர். பின்னாளில் தானே எழுதியபடி, அவருக்கும் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. எய்ட்ஸைத் தன்பாலீர்ப்பாளர்களின் கொள்ளைநோய் என்று பத்திரிகைகள் எழுதிய நாடு அது. தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க' உள்ளாட்சி அமைப்புகளுக்கு 1988-இல் தடை போட்ட நாடும் அதுதான். முன்பே சொல்லியிருந்தால் பலருக்குத் துணிச்சல் வந்திருக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். வந்திருக்கலாம். ஆனால் சாகப்போகிறவனிடம் போய் அந்தக் கடனை வசூலிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். அவர் தன்பாலீர்ப்பாளரா, இருபாலீர்ப்பாளரா என்று நாம் இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறோம். முன்னாள் காதலியும் கடைசிவரை நெருங்கிய தோழியுமான மேரி ஆஸ்டின் கட்சி, ஜிம் ஹட்டன் கட்சி என்று பிரிந்து நின்று, உண்மையான காதல் எது என்று தீர்ப்பு எழுதுகிறோம். வீட்டையும் சொத்தின் பெரும்பகுதியையும் மேரிக்கு எழுதினார், ஜிம்முக்கு ஐந்து லட்சம் பவுண்ட் விட்டுச் சென்றார், ஆகவே இன்னார்தான் என்று உயிலை வைத்துக் காதலை எடை போடுகிறோம். நாம் என்ன, வாரிசுச் சான்றிதழ் கொடுக்கும் வட்டாட்சியர்களா? 2025-இல் அவருக்கு ரகசியமாக ஒரு மகள் உண்டு என்று ஒரு புத்தகம் வந்தபோது, புகைப்படங்களை வைத்து மூக்கையும் தாடையையும் ஒப்பிடக் கிளம்பியவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சாம்பல். எரித்த சாம்பலை எங்கே வைத்தார் என்பதை மேரி யாரிடமும் சொல்லவில்லை. அது ஃபிரெடியின் விருப்பம். 2013-இல் லண்டனின் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் ஃபரூக் பல்சாரா என்ற பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் பொறித்த சிறு பலகை ஒன்று கண்ணில் பட்டது. கீழே பிரெஞ்சில் ஓர் அன்பு வாசகம், 'எம்' என்று ஒற்றை எழுத்து. செய்தி பரவியது, கூட்டம் வந்தது, சில நாளில் பலகை காணாமல் போனது. யாரோ ஒருவர் தனியாக வந்து நின்று அழுவதற்கு வைத்திருந்த இடமாகவும் அது இருந்திருக்கலாம். அதையும் நாம் விட்டுவைக்கவில்லை.

தன்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞனுக்கு, தன்னைப் போல் ஒருவர் உலகையே பாடவைத்தார் என்று அறிவது சோறும் தண்ணீரும் மாதிரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் துப்பறிய வேண்டியதே இல்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையை ஜிம் 1994-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஃபிரெடியிடமும் 1974-இல் தன்பாலீர்ப்பு பற்றி நேரடியாகக் கேட்டார்கள்; டாஃபோடில் பூவோடு தன்னை ஒப்பிட்டுக் குறும்பாக ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் சொன்னது இவ்வளவு இருக்க, சொல்லாததைத் தோண்ட நமக்கு மண்வெட்டி எதற்கு?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த நவம்பர் 24 அன்று கென்சல் கிரீனுக்குப் போய்க் கல் கல்லாகப் பெயர் தேடாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவுக்குப் போங்கள். ஜெனீவா ஏரிக்கரையில் 1996 முதல் அவருடைய வெண்கலச் சிலை, ஒரு கையை உயர்த்தியபடி, தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. அது எல்லோருக்குமாக வைத்தது. பூ வையுங்கள், பாடுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பலை அந்த ஏரியில்தான் கரைத்தார்களாமே என்று பக்கத்தில் நிற்பவர் ஆரம்பித்தால், பேச்சை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
காணொளியை நிறுத்திப் பார்த்த ஒரு ரசிகன்