நவம்பர் செமஸ்டருக்கு ஸ்கிரைப் நிதி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

மதுரைக் கல்லூரிகளில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத ஸ்கிரைப், அதாவது அவர்கள் சொல்லச் சொல்ல விடையெழுதுபவர், ஏற்பாடு செய்யும் குழு இது. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களும் பார்வையற்ற மாணவர்களும் சேர்ந்து நடத்துகிறோம். இந்தக் கல்வியாண்டின் இரண்டு செமஸ்டர்களுக்கு 90,000 ரூபாய் வேண்டும்.

எழுத மனமுள்ளவர்களுக்குக் குறைவில்லை, இடிப்பது தேதிதான். தேர்வர் தாமே அழைத்து வரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைந்த தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். இளங்கலைத் தேர்வென்றால் பிளஸ் டூ முடித்தவர். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் இன்னொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அதே வாரம் தேர்வு. தன்னாட்சிக் கல்லூரிகளின் அட்டவணை வேறு என்பதால், அங்குள்ளவர்களைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கும், இங்குள்ளவர்களை அங்கும் மாற்றி அனுப்புகிறோம். அட்டவணை நான்கு வாரம் முன்னால் கைக்கு வந்தால் இது நடக்கும். பத்து நாள் முன்னால் வந்தால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

அட்டவணையை முன்கூட்டித் தருவதற்குப் பல்கலைக்கழகத்துக்குச் செலவே இல்லை. எழுதப்போகும் நாளுக்கு ஸ்கிரைப்புக்கு ஓ.டி. (ஆன் டூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் அனுமதி) தருவதற்கும் இல்லை. ஓ.டி. இல்லாவிட்டால் வருகைப் பதிவு குறையும், அடுத்த முறை அந்த மாணவர் வரமாட்டார். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை வேண்டும். ஸ்கிரைப் பணியை அதில் சேர்த்துக் கணக்கிட்டால் போதும், தனிச் சான்றிதழ் தேவையில்லை. இவற்றையெல்லாம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். உங்களிடம் கேட்பது, நிர்வாகம் தர வழியில்லாத செலவுகளுக்கு மட்டும்.

பெரிய செலவு போக்குவரத்தும் சாப்பாடும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகும். காலை 10 மணித் தேர்வு மதியம் 2-க்கு முடியும். அதே 2 மணிக்கு அடுத்த தேர்வு தொடங்கும் என்பதால் ஒரே ஆள் இரண்டையும் எழுத முடியாது, ஒரே அறையும் உதவாது. மாலைத் தேர்வு முடிய ஆறு மணி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திருமங்கலம், மேலூர்ப் பக்கம் இருட்டில் திரும்புபவர்களுக்குக் கிடைத்த பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது. ஓர் அமர்வுக்கு 150 ரூபாய் வைத்திருக்கிறோம். 25 மாணவர், ஆளுக்கு 6 தாள், ஆக 150 அமர்வு. ஐந்து அமர்வுக்கு ஒரு மாற்று ஆள் வீதம் இன்னும் 30 பேர் தயாராக இருக்க வேண்டும். காய்ச்சல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவர்களுக்கும் அதே 150 ரூபாய் சேர்த்துச் செமஸ்டருக்கு 27,000, ஆண்டுக்கு 54,000.

பயிற்சிக்கு 9,600. செமஸ்டருக்கு இரண்டு அரைநாள், 60 பேர், டீயும் வடையும் தலைக்கு 40 ரூபாய் ஒவ்வொரு வகுப்புக்கும். வினாவை இரண்டு முறை வாசிப்பது, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது, சொன்னதைத் திருத்தாமல் எழுதுவது ஆகியவற்றைப் பழக்குகிறோம். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம். நல்ல மாணவர்களே தடுமாறுவார்கள். தமிழ்வழித் தேர்வில் ல, ள, ழ தனிப் பாடம். எழுதுபவரின் பிழைக்குத் தேர்வர்தானே மதிப்பெண் இழக்கிறார்!

மீதியில் ஸ்கேனருக்கு 14,000, இரண்டு மைக்குக்கு 6,000. ஆசிரியர்கள் தரும் குறிப்புகள் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பதால், என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் அவற்றை ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படிக்கும். கோப்பு கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் ஓட்ட வேண்டும். கையெழுத்துக் குறிப்பை யாராவது வாசித்துப் பதிவு செய்வதுதான் வழி. பார்வையற்றோர் பயன்பாட்டுக்கு இப்படிப் படியெடுப்பதைக் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது.

எஞ்சும் 6,400 எதிர்பாராத செலவுக்கு.

750 ரூபாய் ஐந்து அமர்வுக்கு ஆகும். 900 ரூபாய் ஒரு மாணவரின் முழு செமஸ்டருக்கு. காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ உங்கள் கல்லூரி நலப்பணித் திட்ட அலுவலகம் வழியாக அக்டோபர் 15-க்குள் தாருங்கள். அங்கேயே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது நாங்கள் அல்ல. பழைய கணினிகள் வேண்டாம், வைக்க இடமில்லை. கூச்சமில்லாமல் உரக்க வாசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருந்தால், பணத்துக்குப் பதில் அவர்களை அனுப்புங்கள்.