டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப்போகும் நம் ஆசிரியர்களுக்கு

வணக்கம். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் பணியில் சேர்ந்து, ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் டெட் தேறியாக வேண்டும். எந்தத் தாளானாலும் 150 கேள்வி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

தேர்வுப் பாடத்தில் வரும் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே அளவு தண்ணீரை ஒல்லி டம்ளரில் ஊற்றினால் "இதுலதான் நிறைய இருக்கு டீச்சர்" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லுமே, அதைத்தான் அவர் எழுதிவைத்தார். நமக்குத் தெரிந்த பிள்ளைகள்தான்!

நேற்று ராத்திரி, 20 வருஷம் பாடம் நடத்திய அக்கா ஒருவர் போனில் அழுதுவிட்டார். யாரும் தனியாகத் தவிக்காதீர்கள், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு இங்கேயே மாதிரித் தேர்வு.