கனிமச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நேரில் வந்திருக்கும்" என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த ஆண்டு நடக்கவேண்டிய 12 மாதக் கூட்டங்களில் 10 நடந்தன. மீதி இரண்டும் ஆள் சேராமல் கலைந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. களப்பயணம் ஒன்று போனோம், மழையால் பாதியிலேயே திரும்பினோம். சங்கத்தின் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் துடைக்கப்பட்டன.

இனி, நம் கற்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அலமாரி.

இந்த அலமாரியைப் பற்றி ஆண்டு முழுவதும் பல பேச்சுகள் நடந்தன. பேசியவர்களில் பாதிப் பேர் அதை இன்னும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்கள், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகள், ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கல்லால் என்ன பிரயோஜனம்?" அதற்குப் பதிலாகத்தான் இரண்டு தட்டுகள் யோசித்தேன். மேல்தட்டில் உலோகக் கனிமங்கள், கீழ்த்தட்டில் அலோகக் கனிமங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் அதிலிருந்து வந்த ஒரு வீட்டுப் பொருள். ஸ்பேலரைட்டுக்கு முன்னால் துத்தநாகம் பூசிய ஆணி, கிராஃபைட்டுக்கு முன்னால் பென்சில், ஜிப்சத்துக்கு முன்னால் உடைந்த கூரைப் பலகைத் துண்டு, காப்பர் பைரைட்டுக்கு முன்னால் ஒரு சுருள் மின்கம்பி, மைக்காவுக்கு முன்னால் பழைய இஸ்திரிப்பெட்டிக்குள்ளிருந்து கழற்றிய காப்புத் தகடு. அந்த இஸ்திரிப்பெட்டி என் வீட்டுடையது, கணக்கில் சேர்க்கவில்லை.

கல்லை அடுக்கும் நாளில் என்னால் வர முடியவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் கிராஃபைட் மேல்தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, பாக்சைட் கீழ்த்தட்டின் மூலையில் கிடக்கிறது. அடுக்கிய நண்பர்களைக் குறை சொல்லவில்லை. கிராஃபைட்டுக்கு உலோக மிளிர்வு இருக்கிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது. ஆனால் அது வெறும் கார்பன். பாக்சைட்டோ செம்மண் கட்டி போலத்தான் இருக்கும், ஆனாலும் உலகத்தின் அலுமினியம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. தேன் நிறத்தில் பிசின் மாதிரி மின்னும் ஸ்பேலரைட்டைப் பார்த்து யாரும் உலோகம் என்று சொல்லமாட்டார்கள், துத்தநாகத்துக்கு முக்கியத் தாது அதுதான். தட்டைத் தீர்மானிப்பது பளபளப்பு அல்ல, அதிலிருந்து உலோகம் எடுக்கிறோமா என்பதுதான். இதைச் சொல்லி இரண்டு கல்லை இடம் மாற்றியதற்குத்தான் "செயலாளர் தன் இஷ்டத்துக்கு நடக்கிறார்" என்று செயற்குழுவில் புகார் வந்தது. நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

அடுத்த புகார், கீழ்த்தட்டே வேண்டாம் என்பது. சாதாரணக் கற்களுக்கு எதற்குக் கண்ணாடியும் விளக்கும், மேல்தட்டு மட்டும் போதுமே, செலவு பாதியாகுமே என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, நேரமும் இல்லை. இப்போது சொல்கிறேன். இரும்பு எடுக்கும் ஊதுலையில் இரும்புத் தாதுவான ஹேமடைட்டோடு கல்கரியும் (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்துதான் போகின்றன. கல்கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி இரும்பை விடுவிக்கிறது. தாதுவோடு வந்த மணல் மாசைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு கசடாக இரும்பின் மேல் மிதக்கிறது. சுண்ணாம்புக்கல் இல்லாவிட்டால் அந்த மாசை எப்படி வெளியே எடுப்பது? அலுமினிய உலைக்கு வேண்டிய ஃபுளோரைடு உப்புகளுக்கு மூலம் நம் கீழ்த்தட்டில் ஊதா நிறத்தில் இருக்கும் ஃபுளோரைட். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளிருந்து வரும் அழுத்தத்தை அடக்கி வைக்கும் சேற்றுக் கலவைக்குக் கனம் தருவது பேரைட். அதன் அடர்த்தி 4.5. படிகக்கல்லுக்கு (குவார்ட்ஸ்) 2.65தான். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளைகள் யாரும் கீழ்த்தட்டைச் சாதாரணம் என்று சொல்லவில்லை.

விளக்கப் பலகைகள் மூன்று எழுதி மாட்டினேன். இரும்புப் பலகையில் இருப்பதை இப்போது சொல்லிவிட்டேன். தாமிரப் பலகைக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கிறது. இன்று தோண்டப்படும் தாமிரத் தாதுக்களில் பலவற்றில் தாமிரம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. அதனால் தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரும் அதற்குரிய ரசாயனமும் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். தாமிரம் உள்ள துகள்கள் நுரைக் குமிழில் ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன, வெறும் கல் அடியில் தங்கிவிடுகிறது. கனமானது மிதக்கிறது, லேசானது மூழ்குகிறது என்றால் யாரும் சுலபத்தில் நம்புவதில்லை. நுரையை வடித்து, உருக்கி, கடைசியில் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மின்னாற்பகுப்பு செய்தால் 99.99 சதவீதத் தூய்மையுள்ள தாமிரம் கிடைக்கிறது. அந்தத் தொட்டியின் அடியில் படியும் கறுப்புச் சேற்றையும் வீசிவிடுவதில்லை, அதில் வெள்ளியும் தங்கமும் இருக்கும்.

நுரை மிதப்பைக் கலீனாத் தூளை வைத்து நேரில் செய்து காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் மறுத்தேன். கலீனா ஈயத் தாது. முழுக் கல்லாகக் கையில் எடுத்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும், தூளாக்கிப் பிள்ளைகள் நடுவில் ஊதிக் காட்டுவது வேறு விஷயம். பயந்தாங்கொள்ளி என்று யாரோ பின்வரிசையில் சொன்னது என் காதில் விழுந்தது.

அலுமினியப் பலகையில் ஒரு சுவையான செய்தி. பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வேண்டும். அதை உருகிய கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பில் கரைத்துவிட்டால் ஏறத்தாழ 960 டிகிரியிலேயே மின்சாரம் பாய்ச்சி அலுமினியம் எடுக்கலாம். இதை 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள், இருவரும் 1914இல் இறந்தார்கள். கடல் கடந்து இரண்டு பேருக்கு இவ்வளவு பொருத்தம் இருந்திருக்கிறது. இங்கே ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கூட்டத் தேதியை நம்மால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்த முறைக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால் அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான் ஆகும் என்பதையும் பலகையின் கீழே எழுதியிருக்கிறேன், எழுத்து சிறியதாகிவிட்டது.

இப்போது "தங்கம்" விவகாரம். உறுப்பினர் ஒருவர் அன்போடு கொடுத்த மஞ்சள் கல்லை அலமாரியில் வைத்து "பைரைட்" என்று சீட்டு எழுதினேன். தங்கத்தைப் பைரைட் என்று எழுதி அவமதித்துவிட்டேன் என்று அவருக்கு வருத்தம். அவர் முன்னிலையிலேயே சோதித்துக் காட்டினேன். மெருகு பூசாத பீங்கான் தட்டில் உரசினால் தங்கம் மஞ்சள் கீற்றைத்தான் விடும், இது பச்சை கலந்த கறுப்புக் கீற்றை விட்டது. இது கண்ணாடியைக் கீறியது, தங்கம் கீறாது. நீரில் எடை பார்த்ததில் அடர்த்தி 5க்குப் பக்கத்தில் நின்றது, தங்கத்துக்கு 19.3. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மழைக்காலத்தில் அந்தச் சீட்டே காணாமல் போனது. மனம் மாறி நான்தான் எடுத்துவிட்டேன் என்று ஒரு பேச்சு, பயந்து எடுத்துவிட்டேன் என்று இன்னொரு பேச்சு. நான் எடுக்கவில்லை. ஈரக்காற்றில் பைரைட் மெல்ல மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தைக் கசியவிடும். சீட்டை அரித்துத் தின்றது அந்தக் கல்தான். மிச்சத் துணுக்கு உறையில் பத்திரமாக இருக்கிறது.

அதே மழையில் பாறை உப்புப் படிகமும் வியர்த்து வழிந்து பக்கத்து ஜிப்சத்தின் பெயரை அழித்துவிட்டது. இது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். உப்பை மூடியுள்ள ஜாடியில் முதலிலேயே வைத்திருக்கவேண்டும். இப்போது எல்லாத் தட்டிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கின்றன. அலமாரிக்குத் திரைச்சீலை எதற்கு என்று கேலி செய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: மனோசிலை என்ற சிவப்பு ஆர்சனிக் கனிமம் வெளிச்சம் பட்டால் சிவப்பு போய் மஞ்சள் பொடியாக உதிரும். திரை அழகுக்குப் போட்டதல்ல.

கீற்றுத் தட்டு பற்றி ஒரு வேண்டுகோள். தட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை, சுவரில் ஒட்டும் ஓட்டின் பின்பக்கம்தான். வழவழப்பான முன்பக்கத்தில் உரசிவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். படிகக்கல்லை அதில் உரசவும் வேண்டாம், கல்லின் தூளுக்குப் பதில் தட்டின் தூள்தான் வரும். ஹேமடைட்டை உரசிப் பாருங்கள். வெள்ளி மாதிரி கறுத்து மின்னும் துண்டும் சரி, மண் மாதிரி சிவந்த துண்டும் சரி, இரண்டும் ஒரே செம்பழுப்புக் கீற்றைத்தான் விடும். எனக்கு இந்தச் சேகரிப்பிலேயே மிகப் பிடித்தது அதுதான்.

கணக்கு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். அலமாரிக்கு ஒப்புதல் பெற்ற தொகையைவிடச் செலவு கொஞ்சம் கூடியது உண்மை. கண்ணாடி, பூட்டு, விளக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் அப்படி ஆயிற்று. ரசீதுகள் பெரும்பாலும் இருக்கின்றன. முழு விவரத்தைப் பொருளாளர் அவர்கள் உரிய நேரத்தில் வைப்பார்.

சந்தா பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் இந்த "கொஞ்சம்" என்ற சொல்லே வந்திருக்காது. 52 உறுப்பினர்களில் 21 பேர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. அவர்களில் 9 பேருக்குப் போன ஆண்டுடையதும் பாக்கி. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். பெயர்களைப் படிக்கமாட்டேன், நாகரிகம் இல்லை. ஆனால் பாக்கிப் பட்டியலையும் அலமாரியைக் குறை சொன்னவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன. வருகையும் அப்படித்தான். சராசரியாகக் கூட்டத்துக்கு 11 பேர், அதில் இருவர் சாவி வாங்க வருகிறவர்கள்.

நன்றி சொல்லவேண்டியவர்கள்: வழிகாட்டிய தலைவர் அவர்கள், பொறுமை காத்த பொருளாளர் அவர்கள், அறையைத் தந்து உதவிய கட்டட உரிமையாளர், பலகைகளில் எழுத்துப்பிழை திருத்திய அம்மையார், ஞாயிற்றுக்கிழமைகளில் கற்களைத் துடைத்துக் கொடுத்த இரண்டு மாணவர்கள். மாணவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன், போதும் என்றுதான் நினைக்கிறேன். இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஒப்படைக்கும்போது ஒன்றிரண்டைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒரு முறை மாற்றவேண்டும். பைரைட்டை வாரம் ஒரு முறை பார்க்கவேண்டும். மேல்தட்டின் பூட்டு இடது பக்கம் லேசாகத் தூக்கினால்தான் திறக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரவேண்டும். போன மாதம் துணைச் செயலாளர் பதவிக்கு ஆள் கேட்டபோது அறை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே அமைதி இன்றும் நீடித்தால் என்ன செய்வது என்று நான் முடிவு செய்யவில்லை, பொதுக்குழு பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, கடினத்தன்மைப் பெட்டி. 1812இல் மோஸ் என்ற கனிமவியலாளர் மிக மென்மையானதிலிருந்து மிகக் கடினமானது வரை வகுத்த வரிசைப்படி பத்துக் குழிகள் உள்ள பெட்டி அது. டால்க், ஜிப்சம், கால்சைட், ஃபுளோரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், படிகக்கல் வரை எல்லாம் இருக்கின்றன. ஒன்பதாவது குழியில் குருந்தக்கல்லும் இருக்கிறது. பத்தாவதில் வைரத்துக்குப் பதில் "வைரம்" என்று எழுதிய சீட்டு மட்டும் இருக்கிறது, அதற்குக் காரணம் மேலே சொன்ன சந்தா பாக்கி. எட்டாவது குழி காலி. அங்கே இருந்த புஷ்பராகக் கல்லை ஒரு கூட்டத்தில் பார்க்க வாங்கியவர் திருப்பி வைக்கவில்லை. பெட்டியைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் திறந்தே வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை நான் உள்ளறையில் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். மேசைப் பக்கம் பார்க்கமாட்டேன்.

இவண்,
செயலாளர்