அப்பாவின் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் வெளியுறவு வல்லுநர்களுக்கும், அவர்களுக்கு மேடை அமைத்துத் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

உலக அரசியல் பற்றி நீங்கள் நடத்தும் பொதுக் கூட்டங்களுக்கு நான் அடிக்கடி வருபவள். போன மாதம் முதல் முறையாக என் அப்பாவையும் அழைத்து வந்தேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்லி ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல். வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியுறவு பற்றி எங்களோடு தமிழிலும் பேசுங்கள்.

அப்பாவுக்கு 73 வயது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தஞ்சோங் பகார் முனையத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். கப்பல் தளத்தில் ஏறி, கொள்கலன்கள் ஆடாமல் இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை. வேலைக்குத் தேவையான ஆங்கிலம் அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி நேர உரையைத் தொடர்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள அது போதாது. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்வரிசையில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். "போதும்மா, நீ கேளு" என்று அப்பா என்னை நிறுத்திவிட்டார்.

கேள்வி நேரம் வந்தது. வீட்டிலேயே எழுதிவந்த தாளை எடுத்துக்கொண்டு அப்பா எழுந்தார். "வணக்கம், நான் துறைமுகத்துல வேலை செஞ்சவன்" என்று தொடங்கினார். நேரம் குறைவு, ஆங்கிலத்தில் கேட்க முடியுமா என்றார் நெறியாளர், புன்னகையோடுதான். நான் மொழிபெயர்க்கிறேன் என்று எழுந்தேன். அதற்குள் ஒலிவாங்கி வேறு வரிசைக்குப் போய்விட்டது. நெறியாளருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர் என்ன கேட்க வந்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 2023 நவம்பரிலிருந்து செங்கடல் பகுதியில் ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பல கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்குப் போக ஏறக்குறைய 10 நாள் கூடுதல். அட்டவணை குலைந்து கப்பல்கள் கூட்டமாக வந்து சேர்ந்ததில், 2024இல் நம் துறைமுகத்தில் நெரிசல். அதே ஆண்டில், 20 அடிக் கணக்கில் 4 கோடிக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டு சாதனையும் படைத்தோம். அப்பாவின் கேள்வி இதுதான்: இந்தப் பெருக்கம் நிலைக்குமா, செங்கடல் பாதை சரியானதும் வடிந்துவிடுமா? அப்புறம், ஒரு நாட்டின் கடற்படைகூட இல்லாத ஒரு படை உலக வணிகத்தையே திசைதிருப்ப முடியும் என்று எல்லாரும் பார்த்துவிட்டார்களே, மலாக்கா நீரிணையை நம்பி வாழும் நமக்கு அதில் என்ன பாடம்?

அன்று மாலை கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் கேட்கவில்லை. மகள் என்பதால் சொல்லவில்லை.

ஈசூனுக்குத் திரும்பும்போது ரயிலில் அப்பா கைபேசியைத் திறந்து யூடியூப் பார்த்தார். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வரைபடம் காட்டி, சிங்கப்பூர்த் துறைமுகத்தின் கதை முடிந்தது என்று ஒருவர் நல்ல தமிழில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நம்பாதீங்கப்பா என்றேன். "எனக்குப் புரியற மாதிரி இவன்தானேம்மா சொல்றான்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

வெளிநாட்டுச் சக்திகள் நம் மக்களின் மனத்தை மாற்றப் பார்க்கின்றன என்று நீங்கள் எச்சரிக்கிறீர்கள். அதற்காகவே 2021இல் நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. எச்சரிக்கை சரியானதுதான், நானும் ஏற்கிறேன். ஆனால் நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில்தானே இன்னொருவர் வந்து உட்கார்கிறார்? அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்துக்கொண்டு மற்றவர்களைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் 2022இலிருந்து ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்யாவுக்கு எதிராகச் சிங்கப்பூர் தடைகள் விதித்ததல்லவா, நாம் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று அப்பாவின் நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் 1983இல் கரீபியத் தீவு நாடான கிரெனடாவுக்குள் அமெரிக்கா படையோடு நுழைந்தபோது, ஐநா பொதுச்சபையில் அதைக் கண்டித்த தீர்மானத்தைச் சிங்கப்பூர் ஆதரித்தது. அதற்கு முன்பே கம்போடியாவில் வியட்நாம் நுழைந்ததையும் எதிர்த்தது. பெரிய நாடு சின்ன நாட்டின் எல்லையைத் தாண்டினால், யார் தாண்டினாலும் தவறு என்பதே நம் நிலைப்பாடு. இதை அவர்களுக்கு நான் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "இத ஏம்மா யாரும் எங்ககிட்ட சொல்லல?" எனக்கே அது ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துத்தான் தெரிந்தது.

தமிழ் முரசு நாளிதழும் வசந்தம் தொலைக்காட்சியும் செய்தி தருகின்றன, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். செய்தி, நடந்ததைச் சொல்லும். ஏன் நடந்தது, நமக்கு என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை மறுத்து, மறுபடியும் கேட்க ஒரு வல்லுநர் எதிரே இருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறேன்.

இந்தத் துறைக்குத் தமிழில் சொற்கள் போதாது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இறையாண்மை, அணிசேராமை, சுங்கவரி, நீரிணை, தடையில்லா வர்த்தகம், எல்லாம் எங்கள் நாளிதழில் தினமும் வருபவைதான். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்க்கிறார்களே. அங்கே முடிவது ஒரு கூட்ட அரங்கில் முடியாதா?

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். 1965 செப்டம்பரில் நாம் ஐநாவில் சேர்ந்தபோது நமக்காகப் பேசியவர் அவர். 1967இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கி வைத்த பேங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. அவருக்குப் பிறகு தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், இன்று விவியன் பாலகிருஷ்ணன். இதுவரை இருந்த ஏழு வெளியுறவு அமைச்சர்களில் ஐந்து பேருக்குத் தமிழ் வேர் உண்டு. அப்படிப்பட்ட ஒரு துறையில் ஒரு தமிழ் முதியவர் தன் மொழியில் ஒரு கேள்வியை முடிக்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இது வயதானவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி போட்டது. 2004இலிருந்து நடப்பில் இருக்கும் தடையில்லா வர்த்தக உடன்பாடும் நம்மைக் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு ஆனது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன் அழைத்து, "உங்க ஊர்ல என்ன சொல்றாங்கக்கா?" என்று கேட்டான். இங்கே கட்டுமானத் தளங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பிகளும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு யார் விளக்குவது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள், சமூக மன்றத்தில் வைத்தாலும் சரி. முடியாவிட்டால் உடனடி மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் சிரமம் என்றால், தமிழில் கேட்கப்படும் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், மொழிபெயர்க்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிவின் மீது மதிப்பு இருப்பதால்தான் அப்பாவை உங்களிடம் அழைத்து வந்தேன். அடுத்த கூட்டத்துக்கும் இரண்டு இருக்கைகளுக்குப் பதிந்திருக்கிறேன். அந்தத் தாளை அப்பா இன்னும் வைத்திருக்கிறார். ஒலிவாங்கி வந்தால் தமிழில்தான் கேட்பார். தயவுசெய்து அவரை முடிக்க விடுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு மகள்