இரண்டு வரிக் கவிதையும் ஒரு கார்ப் பயணமும்

அன்புள்ள நண்பா,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் பத்து நாள். மகளுக்கு வரன் அமைந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம்.

டாக்டர் படிக்கலாம் என்று சொன்னதும் கையில் எடுத்தது ஃபிரெடெரிக் ராஃபேலைத்தான். ஐஸ் வைட் ஷட் படத்துக்கு இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் என்றால் உனக்குப் பிடிபடும். 1931இல் சிகாகோவில் பிறந்து, 1938இல் இங்கிலாந்துக்கு வந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது லத்தீனும் கிரேக்கமும். 1956இல் முதல் நாவல். 1965இல் வந்த டார்லிங் படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர்.

எல்லோரும் அந்த ஆஸ்கரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவர் கென்னத் மக்லீஷோடு சேர்ந்து பழங்கால ரோமாபுரிக் கவிஞன் கட்டல்லஸின் கவிதைகளை மொழிபெயர்த்ததுதான் பெரிதாகப் படுகிறது. கட்டல்லஸின் இரண்டு வரிக் கவிதை ஒன்று உண்டு. வெறுக்கிறேன், நேசிக்கிறேன், ஏன் என்று கேட்பாய், தெரியவில்லை, அப்படி நேர்கிறது, வதைபடுகிறேன். இவ்வளவுதான். லத்தீனில் மொத்தம் 14 சொல், அதில் 8 வினைச்சொல். உவமை கிடையாது, வர்ணனை கிடையாது. இதை இளம் வயதிலேயே படித்து ஊறியவன் வசனத்தை எப்படி வளவளவென்று எழுதுவான்?

அவர் திரைக்கதை எழுதிய டூ ஃபார் த ரோட் படத்தைப் பார், 1967இல் வந்தது. ஆட்ரி ஹெப்பர்னும் ஆல்பர்ட் ஃபின்னியும் கணவன் மனைவி. பிரான்சின் அதே சாலைகளில் வேறு வேறு வருஷங்களில் காரில் போகிறார்கள். ஒரு வண்டி கடந்து போகும். அடுத்த ஷாட்டில் வருஷமே மாறியிருக்கும். அவள் தலைமுடியையும் உடுப்பையும் பார்த்துத்தான் எந்த வருஷம் என்று நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போதுதான் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள், அதற்குள் சண்டை. அந்த 14 சொல்லும் கார் ஏறி வந்த மாதிரி இருந்தது எனக்கு. நானும் இவளும் இரண்டு நாளாக அதைப் பற்றியே பேசுகிறோம்.

அப்புறம், எண்பது வயதைத் தாண்டியபின் 2013இல் ரோமாபுரிக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜில் படித்ததை அவர் விடவே இல்லை, பார்த்தாயா?

உன் நாவல் கையெழுத்துப் பிரதி இன்னும் பரணில்தானே இருக்கிறது? கல்யாண வேலைக்குப் பாத்திரம் இறக்கும்போது அதையும் இறக்கி வை. இந்தத் தடவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்