மாணவர் தேர்தல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் அரசியல் மன்றத்தில் போன வாரம் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. பேசினார். மகளோடு நானும் போயிருந்தேன். பொன்னாடை, வரவேற்புரை என்று முக்கால் மணி நேரம் கரைந்தது. வழக்கம்தானே! ஆனால் மனிதர் கட்சிப் பெருமை பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, சட்டசபையில் ஒரு கேள்வியை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும், 234 பேரில் பின்வரிசைக்காரர் பேச நேரம் வாங்க என்ன பாடுபட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு மாணவி எழுந்தாள். "18 வயதில் ஓட்டுப் போடலாம், 25 ஆனால்தான் சட்டசபைக்குப் போட்டியிடலாம். நடுவில் ஏழு வருஷம் நாங்கள் என்ன செய்வது?"

"கல்லூரித் தேர்தலில் நில்லுங்கள்" என்றார்.

அரங்கமே சிரித்தது. அங்கே தேர்தலே கிடையாது; மாணவர் தலைவரை நிர்வாகமே நியமிக்கிறது. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுப் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஏற்றுக்கொண்டது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதுவரை அதில் உண்டு. உயர்கல்வித் துறை அதைத் தூசு தட்டி எடுத்து, வரும் கல்வியாண்டிலாவது எல்லாக் கல்லூரிகளிலும் வாக்குப்பெட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

– ஒரு மாணவியின் தந்தை, திருச்சி